விதியை எழுதியது யார்?

எங்கள் கடற்கரையில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு சொல் தயாராக இருக்கிறது. கடலுக்குப் போன படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? விதி. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணை மேலே படிக்க வைக்காமல் கட்டிக்கொடுத்துவிட்டார்களா? அவள் விதி. வட்டி அசலைத் தின்றுவிட்டதா? தலைவிதி. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறானா? அவள் வாங்கி வந்த வரம். மணமேல்குடியில் டீக்கடை பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இந்தச் சொல்லைப் பத்துத் தடவையாவது கேட்டுவிடலாம். சொல்பவர் பெருமூச்சு விடுவார், கேட்பவர் தலையாட்டுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேச்சு அங்கே முடிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் செய்தார்கள், எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்கவேண்டிய நேரத்தில் எல்லார் வாயையும் அடைத்துவிடுகிறது இந்த ஒரு சொல். இது பணிவு என்கிறார்கள், பக்குவம் என்கிறார்கள். நான் மறுக்கிறேன். விதி என்ற நம்பிக்கை எங்கள் மக்களுக்கு இழைத்த கேட்டை எந்தப் புயலும் இழைத்ததில்லை.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஊழ். மற்றது சட்டம்: சாலை விதி, தேர்தல் விதி, சங்க விதி. முதல் விதியை எழுதியவரை யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது விதியை எழுதியவருக்குப் பெயர் உண்டு, எழுதிய வருஷம் உண்டு, கையெழுத்து உண்டு, தேவைப்பட்டால் திருத்தமும் உண்டு. முதல் விதி என்று நினைத்து நாம் காலமெல்லாம் சுமப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. யாரோ எழுதியது, ஆகவே மாற்றி எழுதக்கூடியது.

கடலிலிருந்தே தொடங்குகிறேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் விதியைத்தான் நொந்துகொள்கிறார்கள். ஆனால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஓடும் எல்லைக் கோட்டைப் பிரம்மா போடவில்லை. 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டுப் போட்டன. முதல் ஒப்பந்தத்தில் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. இரண்டாவதோடு, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்றானது. விசைப்படகையும் இழுவலையையும் நம் கரைக்குக் கொண்டுவந்ததும் தெய்வச் செயல் கிடையாது. மானியமும் கடனும் கொடுத்து வளர்த்தது அரசுத் திட்டம். அந்த வலை கடலின் அடித்தரையைச் சுரண்டிச் சுரண்டி இந்தப் பக்கம் மீன் குறைந்தது. எல்லை தாண்டும்போது அது அறுப்பது பெரும்பாலும் இலங்கையின் வடகரையில் உள்ள இன்னொரு தமிழ் மீனவரின் வலையை. 2017-ல் இலங்கை இழுவலையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்த ஆண்டு அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கூட்டியது. இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது? ஒவ்வொரு படிக்கும் தேதி இருக்கிறது.

தேதி இருப்பதால்தான் மாற்றவும் முடியும். மாற்றியும் இருக்கிறோம். விசைப்படகுகள் கரையோரத்தையே வழித்துக்கொண்டு போனபோது நாட்டுப்படகு மீனவர்கள் விதியே என்று ஒதுங்கியிருந்தால், 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்திருக்காது. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கே என்று அந்தச் சட்டம் ஒதுக்கியது. அது ஒழுங்காக அமலாகிறதா என்பது வேறு சண்டை. அந்தச் சண்டையைப் போடுவதற்கு இன்று காலூன்ற ஓர் இடமாவது இருக்கிறது. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று பாக் நீரிணைக் கரைகளில் நிலவும் முறையும் மீனவர்கள் மோதி, உட்கார்ந்து பேசி, உண்டாக்கிக்கொண்டதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களுக்கான நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கேட்டு வாங்கினார்களே ஒழிய யாரும் ஜாதகம் பார்த்துக் கொடுக்கவில்லை.

‘சரி, புயலுமா மனுஷன் எழுதியது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகள் தரையில் படுத்துவிட்டன. பிள்ளை போல வளர்த்த மரங்களுக்கு நடுவே பெரியவர்கள் உட்கார்ந்து அழுதார்கள். காற்று நம் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது ரயிலில் இருந்தவர்கள் அந்த வண்டியோடு கடலில் போனார்கள். கஜாவுக்கு முன்னால் வானிலை எச்சரிக்கை வந்தது, பல்லாயிரம் பேர் முகாம்களுக்குப் போனார்கள், படகுகள் கரையில் நின்றன. காற்றின் வேகத்தை யாரும் மாற்றவில்லை. எச்சரிக்கையையும் முகாமையும் மனிதர்கள் உண்டாக்கினார்கள். அதே கஜாவில் ஓலை வீடு விழுந்தது, பக்கத்துக் காங்கிரீட் வீடு நின்றது. புயல் விதி என்றால் கூரையும் விதியா? யாருக்கு எந்தக் கூரை என்பதை வீட்டுத் திட்டமும் பட்டாவும் தீர்மானிக்கின்றன. பட்டா இல்லாததை விதி என்று சொல்லிவிட்டால், தாசில்தார் ஆபீஸ் படியேறவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

சாமியை நம்புகிறவர்கள் விதியையும் நம்பித்தானே ஆகவேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். அவர்களுக்கு மணமேல்குடியின் பழங்கதை ஒன்றையே பதிலாகச் சொல்வேன். அறுபத்துமூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. நெடுமாறப் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். அவரும் அரசி மங்கையர்க்கரசியாரும் ஆளனுப்பித் திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அழைப்பு வந்தபோது சம்பந்தர் திருமறைக்காட்டில் இருந்தார். கோள் நிலை சரியில்லை, இப்போது போகவேண்டாம் என்று அப்பர் தடுத்தார். சம்பந்தர் கோளறு பதிகத்தைப் பாடிவிட்டுக் கிளம்பிப் போனார். அந்தக் காலத்துச் சமயச் சண்டையில் கசப்பும் உண்டு. அதை நான் கொண்டாட வரவில்லை. ஆனால் பக்தரான சம்பந்தர் கிரகத்தைச் சாக்காக வைத்து வீட்டில் உட்காரவில்லை என்பதைப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர் அனுப்பிய அழைப்பை ஏற்று, கிரகம் தடுக்காது என்று புறப்பட்டவர் பாடிய பாட்டு அது. அதையே இன்று கிரக தோஷப் பரிகாரமாக ஓதிவிட்டு, நல்ல நேரம் வரட்டும் என்று திண்ணையில் காத்திருக்கிறோம்.

வள்ளுவரை இழுப்பவர்களும் உண்டு. ஊழை விட வலியது எது என்று அவரே கேட்டிருக்கிறாரே என்பார்கள். கேட்டிருக்கிறார், 38-ஆம் அதிகாரத்தில். அதோடு அறத்துப்பால் முடிகிறது, திருக்குறள் முடியவில்லை. 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே, சலிக்காமல் முயல்கிறவர் அந்த ஊழையும் புறமுதுகிட வைப்பார் என்று அதே வள்ளுவர் எழுதுகிறார். முதல் பாலில் வந்ததை மட்டும் மனப்பாடம் செய்து, இரண்டாவது பாலைப் புரட்டாமல் விட்டது வள்ளுவர் குற்றமா?

இப்போது எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கருவாடு விற்றவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர். ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். வாரா வாரம் கட்டுவார். கட்டியதைச் சிட்டையில் அந்த ஆள்தான் எழுதுவார். கடன் தீர்ந்தபாடில்லை. கேட்டால், “எந் தலையில கடன்னு எழுதியிருக்கு ராசா, அதை யாரு அழிக்கிறது” என்பார். அந்தக் கடன் எழுதியிருந்த இடம் அவர் தலை என்றே நாங்களும் நம்பினோம். அது சிட்டையில் எழுதியிருந்தது.

1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகத் தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் இரவு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு 18 வயதுகூட இருக்காது. அரிக்கேன் விளக்கைச் சுற்றி, மீன் வாடையும் களைப்புமாக வந்து உட்கார்ந்த பெண்களுக்கு அவள் முதலில் பேர் எழுதச் சொல்லிக்கொடுத்தாள், பிறகு எண்கள். அப்பத்தாவுக்கு எழுத்தை விட எண் சீக்கிரம் பிடிபட்டது. ஆயுள் முழுக்க மனக்கணக்குப் போட்டவர் அல்லவா. ஒருநாள் சிட்டையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தார். கட்டிய பணத்தில் 3 வாரத்துப் பணம் வரவு வைக்கப்படவில்லை. மறுநாள் போய்க் கேட்டார். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். அப்பத்தா பணக்காரி ஆகவில்லை, கூடையும் இறங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடனைப் பற்றிப் பேசும்போது ‘எந் தலையில’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அந்தாளு சிட்டையில’ என்றுதான் சொன்னார்.

அறிவொளி எழுத்தோடு நிற்கவில்லை. பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அந்த இயக்கம் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். அன்று கல்யாணமான பெண் சைக்கிள் மிதிப்பது மானப் பிரச்சினை. தெருவில் கெட்ட வார்த்தையால் ஏசினார்கள், துரத்திச் சிரித்தார்கள். அதற்கெல்லாம் நடுவில் வயல்வேலைப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், செவிலியர், அங்கன்வாடிப் பெண்கள், முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்று கூட்டம் கூட்டமாகக் கற்றார்கள். வாடகைச் சைக்கிளில் விழுந்து முட்டி பெயர்ந்து கற்றார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கப் பாடப்பட்டது. 1992-ல் மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களில் பெண்கள் அணி அணியாகப் புதுக்கோட்டை நகரத்துக்குள் புகுந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இந்தச் சைக்கிள் இயக்கத்தைப் பற்றி எழுதினார். 1996-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் அது ஒரு பகுதி. லேடீஸ் சைக்கிள் போதாமல் போனதால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்று அவர் குறிக்கிறார். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

சைக்கிள் என்ன செய்துவிட்டது? பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீருக்குப் போவதும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வீட்டு ஆண் எப்போது வருவார் என்பதைப் பொறுத்து இல்லாமல் போயின. ‘பொம்பளைப் பொறப்பே அடுத்தவனை நம்பித்தான்’ என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவந்த விதி, இரண்டு சக்கரத்துக்கு முன்னால் நிற்கவில்லை. அதே காலத்தில் மாவட்டத்தின் கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து அந்தக் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். கல் அதே கல், சம்மட்டியும் அதே சம்மட்டி. குத்தகை யார் பேரில் என்கிற விதி மாறியது, கூலி மாறியது. இயக்கம் ஓய்ந்த பிறகு பழக்கம் விட்டுப்போய்ப் பலருக்கு எழுத்து மறந்தது உண்மை. அதற்கும் காரணம் தலையெழுத்து கிடையாது; தொடர்ந்து படிக்க வகுப்பும் நூலகமும் இல்லாமல் போனது.

இந்த மாவட்டம் இதற்கு முன்பே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1886-ல் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தார் முத்துலட்சுமி. அந்தப் பெண் பிள்ளைக்கு என்ன வாழ்க்கை என்பதை ஊர் அன்றே எழுதிவைத்திருந்தது. மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். 1912-ல் முத்துலட்சுமி மருத்துவரானார். தான் தப்பித்தது போதும் என்று அவர் நிறுத்தியிருக்கலாம். சட்டமன்றத்துக்குப் போய் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது, சாஸ்திரம், மரபு என்று எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. திருமயத்தில் பிறந்த பெரும் தேசபக்தர் சத்தியமூர்த்தியும் அவர்களில் ஒருவர். பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. பிறப்பிலேயே விதித்தது என்று சொல்லப்பட்ட ஒன்று, அரசிதழில் அச்சான சில பக்கங்களில் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் எதிர்த்துச் சொல்லியாக வேண்டும். விதியைக் கேலி செய்துவிட்டு, ‘மனசு வைத்தால் எல்லாம் முடியும், முடியாதவன் சோம்பேறி’ என்று மேடை மேடையாகப் பேசுகிறவர்கள். கேட்க வீரமாக இருக்கும். ஆனால் இதுவும் விதி நம்பிக்கையின் மறுபக்கம்தான். ஒருவர் பழியைத் தலையெழுத்தின் மேல் போடுகிறார், மற்றவர் ஏழையின் மனசின் மேல் போடுகிறார். இரண்டு பேருமே சிட்டையைத் திறந்து பார்க்கச் சொல்வதில்லை. அப்பத்தாவுக்கு மனவுறுதி இல்லாமலா இருந்தது? வெயிலில் கூடை சுமந்து நடந்த அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவருக்கு இல்லாதது எண். அதை 18 வயதுகூட நிரம்பாத ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை ஓர் இயக்கம் அனுப்பியது. முத்துலட்சுமிக்கு ஓர் அனுமதி ஆணை தேவைப்பட்டது. குவாரிப் பெண்களுக்குக் குத்தகைப் பத்திரம் தேவைப்பட்டது. தன் வாழ்க்கையைத் தன் கையில் எடுப்பது என்றால், கையில் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும். அது பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கிறது.

‘விதி என்று சொல்வது ஓர் ஆறுதல், அதையும் பிடுங்குகிறாயே’ என்று என் அம்மாவே ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சட்டம் பேச யாருக்கும் வாய் வராது. அவள் விதி என்று சொல்லி அழட்டும். கூட உட்கார்ந்து நானும் அழுவேன். ஆனால் இழவு வீட்டில் சொல்லவேண்டிய சொல்லை ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஏலக்கூடத்திலும் சொல்கிறோமே, அதைத்தான் ஏற்கமுடியவில்லை. போன உயிருக்கு ஆறுதலாகும் சொல், இருக்கிறவரின் கையைக் கட்டிப்போடுகிறது. இறந்துபோன அந்தப் பையன் போட்டிருக்கவேண்டிய லைஃப் ஜாக்கெட் படகில் இருந்ததா என்று அழுகை அடங்கிய பிறகாவது ஒருவர் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அடுத்த பிள்ளையும் அது இல்லாமலே கடலுக்குப் போவான்.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி யாராவது உங்களிடம் விதி என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். எந்த விதி என்று கேளுங்கள். எழுதியது யார், எந்த ஆபீஸில், எந்த வருஷம், யார் கையெழுத்தில் என்று கேளுங்கள். பெண்ணைப் படிக்க அனுப்பாததற்கு விதி என்றால், 18 வயதுக்கு முன் கட்டிக்கொடுப்பதைத் தடுக்கும் சட்டமும் ஒரு விதிதான் என்று சொல்லுங்கள். பட்டா வராததற்கு விதி என்றால், 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் 6 நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுதப்படும் தீர்மான நோட்டு யார் கையில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு ஆத்தாளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பத்தா இறந்த பிறகு அவர் தகரப்பெட்டியில் அந்தச் சிட்டை இருந்தது. கடைசிப் பக்கத்தில், வியாபாரியின் கிறுக்கலுக்குக் கீழே, கோணல்மாணலாக அவரே ஒரு கோடு கிழித்துக் கூட்டல் போட்டிருந்தார். கணக்கு சரியாக இருந்தது.